நொம்சாவின் கதவும் என் அண்ணன் வீட்டு மாடியும்

மேடையில் நின்று மொழிபெயர்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சொற்களைப் பற்றித்தான். இதற்குத் தமிழில் என்ன, அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று. அதெல்லாம் படிக்கப் படிக்க வந்துவிடும். பேசுகிறவர் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் என்பதுதான் வருவதற்குக் கஷ்டம். ‘அவர் என்ன சொல்கிறார் என்றால்’ என்று ஓரடி தள்ளி நிற்கக் கூடாது. கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டப் பந்தல்களில் வெளிநாட்டுப் பிரசங்கிகளுக்கு மொழிபெயர்த்த ஒரு பெரியவர் எனக்கு இதைச் சொன்னார். "அவன் பாவின்னா நீயும் பாவி. எறங்குன பொறவு மொகத்தக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிரணும், கேட்டியா."

நானும் அப்படித்தான் வருடக்கணக்காக முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் மட்டும் அது முடியவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அந்த வருடங்களில் நம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு உகாண்டா, தான்சானியா, சூடான் என்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிள்ளைகள் படிக்க வருவார்கள். அதை வைத்து, இன்றைய ஆப்பிரிக்காவின் கலையும் அரசியலும் என்று ஒரு விழா ஏற்பாடு செய்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து நொம்சா என்ற நாடகக்காரி வந்திருந்தார். ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே கறுப்பினத் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்பில் பிறந்து அங்கேயே இருப்பவர். ஒற்றை ஆளாக நடிக்கும் நாடகம் அவருடையது. அவருக்கு நான் மொழிபெயர்ப்பாளர்.

அரங்கத்துக்குள் நுழைந்ததுமே எனக்குத் தலை குனிந்தது. சுவரெல்லாம் தெர்மோகோலில் வெட்டிய சிங்கம், ஈட்டி, முகமூடி. நொம்சா ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். "சிங்கத்தை நான் மிருகக்காட்சி சாலையில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் இருந்தது ஒரு சலூனும் ஒரு சர்ச்சும் மூன்று சாராயக் கடையும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

கல்லூரித் தாளாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "டீச்சர், டான்ஸ் ஒண்ணும் கெடையாதா? இந்த எலதழையெல்லாம் கெட்டிக்கிட்டு ஆடுவாங்கள்லா, அது."

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்தவள், அதனால் எல்லோருக்கும் டீச்சர்.  நொம்சா தூரத்திலிருந்தே, "என்ன கேட்கிறார்?" என்றார். நான் சொன்னேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எனக்கு மூட்டுவலி என்று சொல்லுங்கள்" என்றார்.

நாடகத்துக்கு அவர் கேட்டது நிலையோடு கூடிய ஒரு கதவு மட்டும்தான். கோட்டாறில் பழைய மரச்சாமான் விற்கிற கடையிலிருந்து என் அண்ணன் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அண்ணனுக்குக் கோட்டாறில் கடை. என்னை எந்த நிகழ்ச்சிக்கும் காரில் கூட்டிக்கொண்டு போய், முடியும்வரை உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டிவருவதும் அவர்தான். அன்றைக்கும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மொழிபெயர்ப்பவர் மேடை ஓரத்தில் மைக்கோடு நிற்பதுதான் வழக்கம். நொம்சா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். என் பேச்சு உங்கள் மொழியில் வெளியிலிருந்து வரட்டும்" என்றார்.

நாடகம் அவர் வாழ்க்கையில் நடந்தது. அவர்கள் தெருவில் மொசாம்பிக்கிலிருந்து வந்த ஒரு முடிதிருத்துகிறவர் இருந்தார். பெயர் ஆல்பர்ட்டோ. நொம்சாவின் மகனுக்கு முதல் மொட்டை போட்டவர். ஒரு நாள் தடியும் தீப்பந்தமுமாக ஒரு கூட்டம் தெருவுக்குள் வருகிறது. வெளிநாட்டுக்காரர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள், நம் வீடுகளைப் பிடிக்கிறார்கள் என்று கத்துகிறது. தோல் நிறம் எல்லோருக்கும் ஒன்றுதான். யார் வெளியூர்க்காரன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போகிற வருகிறவர்களை நிறுத்தி, கையை மடக்கிக் காட்டி, "எங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர், சொல்" என்கிறார்கள். முழங்கைக்குரிய சொல். தெரியாதவனுக்கும் உச்சரிப்புத் தவறியவனுக்கும் அடி.

சொற்களை வைத்துப் பிழைத்தவள் நான். ஒரு சொல் தெரியாததற்காக மனிதனை அடிப்பார்கள் என்பதை அன்றுதான் என் வாயால் சொன்னேன்.

ஆல்பர்ட்டோவுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஓடிவந்து நொம்சாவின் கதவைத் தட்டுகிறார். தட்டுவது என் வேலை. நான் வெளியிலிருந்து தட்டினேன். "நொம்சா, தெற. நாந்தான்" என்று தமிழில் கூப்பிட்டேன். உள்ளே நொம்சா தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தாழ்ப்பாளைத் தொட்ட கை அப்படியே இருந்தது. திறக்கவில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒத்திகையில் சொல்லியிருந்தபடி ஒரு இடத்தில் நிறுத்தினேன். 

"அவன் சாகவில்லை" என்று நொம்சா முடித்தார். "காயத்தோடு பஸ் ஏறித் தன் ஊருக்குப் போனான். நான் தட்டியது உனக்குக் கேட்டதா என்று இன்றுவரை அவன் என்னிடம் கேட்கவில்லை."

கைதட்டல் அடங்க நேரமானது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணனும் கைக்குட்டையை எடுத்ததைக் கதவு நிலையின் இடைவெளி வழியாகப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு கேள்வி நேரம். ஏன் அப்படி நடந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். "விடுதலைக்குப் பிறகு வேலை தருகிறோம், வீடு தருகிறோம் என்று சொன்னவர்கள் தரவில்லை. அவர்களைப் போய்க் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டோம்" என்றார் நொம்சா. ஒரு பேராசிரியர் எழுந்து, "எங்க மாவட்டம் படிப்புல முன்னால நிக்கிற மாவட்டம். அங்க படிப்பறிவு கொறவுங்கிறதுனாலதான் இப்பிடியா? இங்கயெல்லாம் இது நடக்காதுன்னு மேடத்துக்கிட்ட சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். "அப்படியா? சந்தோஷம்" என்றார் நொம்சா.

அப்போது பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். அவனை எனக்குத் தெரியும். பெயர் எம்மானுவேல், உகாண்டாக்காரன், இன்ஜினியரிங் இறுதியாண்டு. ஒரு வருடத்துக்கு மேல் அவனும் இரண்டு நண்பர்களும் என் அண்ணன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் குடிவந்த அன்று இரண்டு தரப்புக்கும் நான்தான் பேசிக்கொடுத்தேன். பிறகு மாடி காலியானது. "ஹாஸ்டல்ல எடம் கெடச்சிட்டு, போயாச்சு" என்று அண்ணன் சொன்னார். நானும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எம்மானுவேல் மைக்கை வாங்கி ஆங்கிலத்தில் தொடங்கினான். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

"நாடகத்தில் சொல் தெரியாதவர்களை அடித்தார்கள். எனக்குச் சொல் தெரியும்."

கையை மடக்கி உயர்த்திக் காட்டினான். "முழங்கை" என்றான்.

அந்த ‘ழ’ அவ்வளவு சுத்தமாக விழுந்தது. அரங்கம் முழுக்கக் கைதட்டல். யாரோ விசில் அடித்தார்கள். அவன் காத்திருந்தான்.

"நான் நிறையச் சொற்கள் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது."

‘எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்று சொல்லி முடித்தபோதே அந்த மழைக்காலத்தில்தான் அண்ணன் வீட்டு மாடி காலியானது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்ற கொல்லும் தொற்றுநோய் பரவுவதை டிவியில் தினமும் காட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

தாளாளர் என் பக்கம் சாய்ந்தார். "டீச்சர், நேரமாச்சு. சுருக்கிச் சொல்லி முடிச்சிருங்கோ."

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒருவர் வந்து சொல்வார். சுருக்குவது நம் கையில் இருக்கிற அதிகாரம். ‘இந்த மாணவர் தமக்கு நேர்ந்த சில சிரமங்களைக் குறிப்பிடுகிறார்’ என்று ஒரு வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. மூன்றாவது வரிசையில் அண்ணன் மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தடுத்தது நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். எம்மானுவேல் நான் முடிப்பதற்காக நின்றான், நான் முடித்ததும் அடுத்ததைச் சொன்னான், நானும் சொன்னேன். அவ்வளவுதான்.

"நான் இரண்டு வருடமாக என் ஊருக்கே போகவில்லை. நோய் இருக்கிற நாடுகள் என் நாட்டிலிருந்து எவ்வளவோ தூரம். அதை யாரும் கேட்கவில்லை. தெருவே வீட்டுக்கு முன்னால் கூடியது. வீட்டுக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். என் பையைக் கம்பால் தள்ளித் தெருவில் போட்டார். என்னிடம் அவர் சொன்னது..."

அவர் சொன்னதை அவன் தமிழிலேயே சொன்னான். "மக்கா, நீ போயிரு மக்கா. எனக்க வீட்டுல பெண்டு புள்ளைய உண்டும்லா."

சிரிப்பு வெடித்தது. ஒரு கறுப்புப் பையன் வாயில் நம்மூர்ப் பேச்சு. அந்த ராகம்கூட அப்படியே இருந்தது. பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். அது அச்சு அசலாக என் அண்ணனின் குரல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நொம்சா மைக்கிலேயே என்னிடம் கேட்டார். "ஏன் சிரிக்கிறார்கள்? என்ன சொன்னான்?"

இப்போது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நான் சொல்ல வேண்டும். ‘மக்கா’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடினேன். நண்பா என்று சொல்லலாம், தம்பி என்று சொல்லலாம். எங்கள் அப்பா எங்களைக் கூப்பிட்ட சொல் அது. ‘என் பிள்ளையே’ என்று சொன்னேன். "என் பிள்ளையே, போய்விடு என் பிள்ளையே. என் வீட்டில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்."

ஆங்கிலத்தில் கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

எம்மானுவேல் மீதியைச் சொன்னான். காய்ச்சலோடு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் படுத்திருந்தான். நண்பர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். கடைசியில் ஒரு இடத்தில் சேர்த்துக்கொண்டு ரத்தம் பார்த்து, டெங்கு என்றார்கள். இந்த ஊர்க் கொசு கடித்து வந்த காய்ச்சல்.

"யார் வீடு என்று நான் சொல்லப் போவதில்லை" என்றான். அப்போது அவன் என்னைத்தான் பார்த்தான். "அவர் நல்ல மனிதர்."

"அவர் நல்ல மனிதர்" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பேராசிரியர் வந்து, "அந்த எடத்துல ரொம்ப உருக்கமா சொன்னீங்க டீச்சர்" என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நொம்சா அவனுக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "உனக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் கதவுக்கு உள்ளே நின்றவள்" என்றார். அதையும் தமிழில் சொல்லிவிட்டு மைக்கை வைத்தேன்.

வெயில் தாழும் நேரம் காரில் திரும்பினோம். செட்டிகுளம் சந்திப்பில் அண்ணன் காரை மெதுவாக்கினார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, கொஞ்சம் சுருக்கிச் சொல்லியிருக்கலாம்லா."

"ஹாஸ்டல்ல எடம் கெடச்சிட்டுன்னு சொன்னீங்களே அண்ணே."

"கெடச்சிருக்கும்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் போனபின், "கம்பு இல்ல, அது கொடை" என்றார். "நம்ம மழைக்கொடை."

 அவருக்கே தெரிந்திருக்கும், கம்பு குடையானதால் எதுவும் மாறவில்லை என்று.

அதன் பிறகு மதினி என்னோடு பேச்சை நிறுத்தினாள். "சொந்த அண்ணன மேடையில வச்சி நாறடிச்சவ" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மையில் அரங்கத்தில் இருந்த யாருக்கும் அது யார் வீடு என்று தெரியாது. எம்மானுவேல் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மேடையில் நான் சொன்னது அவர்கள் வீட்டுக்குள் தெரிந்துவிட்டதே, அது போதுமாக இருந்தது. நானும் யோக்கியமில்லை. மேடையில் அத்தனையும் சொன்னவள், மறுநாள் போய் அந்தப் பையனைப் பார்த்திருக்கலாம். போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று இருந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து முற்றத்தில் அண்ணன் வந்து நின்றார். "அவன் எங்க தாமசிக்கான்?" என்று கேட்டார். விசாரித்து, பார்வதிபுரம் பக்கத்தில் ஒரு அறை என்று தெரிந்துகொண்டு இருவரும் போனோம்.

எம்மானுவேல் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டான். அறைக்குள் கூப்பிடவில்லை. அண்ணன் வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே அது வரவில்லை.

"பயந்துட்டேன் மக்கா" என்றார். "தப்புதான். நீங்க திரும்பி வந்துருங்கோ. மாடி சும்மாதான் கெடக்கு."

அவனுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினான். "உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னைப் போகச் சொன்னார். மன்னிப்பை யாரும் இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்."

அண்ணனுக்கும் அந்த அளவு ஆங்கிலம் தெரியும். இருந்தாலும் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எம்மானுவேல் உள்ளே போய்க் கறுப்புத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து தந்தான். குடித்தோம். 

அந்த மாத அன்பியக் கூட்டம் அண்ணன் வீட்டில் நடந்தது. அன்பியம் என்றால் எங்கள் பங்கில், அதாவது சர்ச் வட்டாரத்தில், ஒரு தெருக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஜெபம் சொல்லும் கூட்டம். எம்மானுவேலையும் வரச்சொல்லி அண்ணன் ஆள் அனுப்பினார். பரீட்சை இருக்கிறது என்று பதில் வந்தது. ஜெபமாலை தொடங்கும் முன் அண்ணன் எழுந்தார். ஜிப்பாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம மாடியில இருந்த பையன்மாரக் காய்ச்சலோட எறக்கிவிட்டது ஞான். நீங்கெல்லாம் நின்னு பாத்திய. பையத் தள்ளி ரோட்டுல போட்டது ஞான்தான். அவனுக்கு வந்தது டெங்கு. அவன் எனக்குச் சாயா தந்தான். எனக்கு வெக்கமாட்டு இருக்கு."

 மதினி எழுந்து அடுக்களைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமி, "இப்ப என்னத்துக்கு அண்ணாச்சி அதெல்லாம்? அன்னைக்கி யாருக்குத் தெரியும்?" என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிர்வீட்டு அம்மாள், அன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் முன்னால் நின்று சத்தம் போட்டவள், மெல்லக் கேட்டாள்.

"அந்தப் பையனுக்குப் பேரு என்ன?"

ஒரு வருடத்துக்கு மேல் அவள் வாசலைக் கடந்துதான் அவன் தினமும் கல்லூரிக்குப் போய்வந்தான்.

"எம்மானுவேல்" என்றார் அண்ணன்.

"நம்ம வேதத்துப் பேராக்குமா?"

"நம்ம பேருதான்."

அந்த அம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ ஜெபமாலையைத் தொடங்கினார்கள்.